வாசகர் கேள்வி பதில்: வெனிலா சிரப் வாங்கியாச்சு, அப்புறம்?

சென்ற இதழில் ஐஸ் காபி பற்றிய பதிலில், "வெனிலா சிரப் இரண்டு தேக்கரண்டி விடுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. காபிக் கடை கவுன்டருக்குப் பின்னால் நின்று சிரப் பம்ப்பை அமுக்கியே பிழைத்தவள் நான் என்பதால், இந்த மாதம் முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிட்டேன். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கடையில் "வெனிலா", "பிரெஞ்சு வெனிலா", "வெனிலா பீன்" என்று வரிசையாக பாட்டில்கள். விலையும் ஒன்றுக்கொன்று எங்கேயோ இருக்கிறது. எதை எடுப்பது?
- அலமாரி முன்னால் நின்று குழம்பிய வாசகி

முதலில் பாட்டிலைத் திருப்புங்கள். முன்பக்கம் படம், பின்பக்கம்தான் விஷயம். பெரும்பாலான நாடுகளில், உட்பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. சர்க்கரை போட்ட வெனிலா சிரப்பில் முதல் இரண்டு இடங்கள் பெரும்பாலும் சர்க்கரைக்கும் தண்ணீருக்கும்தான். வாசனை என்ன என்பது அதற்குப் பிறகு வரும் சில சொற்களில் இருக்கிறது.

"வெனிலா எக்ஸ்ட்ராக்ட்" என்று இருந்தால், வெனிலா நெற்றை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு. "இயற்கைச் சுவையூட்டி" என்று மட்டும் இருந்தால், அது நெற்றிலிருந்தும் வந்திருக்கலாம், நுண்ணுயிர்களை வைத்து நொதிக்கச் செய்து எடுத்த வெனிலினாகவும் (வெனிலா வாசனையின் முக்கிய வேதிப்பொருள்) இருக்கலாம். "வெனிலின்" அல்லது "செயற்கைச் சுவையூட்டி" என்றால் தொழிற்சாலையில் செய்தது. "எத்தில் வெனிலின்" என்று பார்த்தால், அது வெனிலினைவிட இரண்டு மூன்று மடங்கு தூக்கலான வாசனை கொண்டது. நெற்றில் இயல்பாக இல்லாதது.

செயற்கை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வெனிலினை ஆய்வகத்தில் செய்யும் வழி 1874-லேயே வந்துவிட்டது. டீமான், ஹார்மான் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் ஊசியிலை மரச் சாற்றில் உள்ள ஒரு பொருளிலிருந்து அதைச் செய்தார்கள். இன்று உலகத்தில் பயன்படும் வெனிலினில் மிகப் பெரும் பகுதி நெற்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மூலக்கூறு என்று பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். வித்தியாசம், நெற்றில் வெனிலின் தனியாக இல்லை என்பது. கூடவே நூற்றுக்கணக்கான வேறு வாசனைப் பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கின்றன. மரம், புகை, உலர்ந்த பழம் மாதிரி ஒரு பின்வாசனை வருவது அவற்றால்.

இனி என் தீர்ப்பு. கடுமையான காபியில் பால் சேர்த்துக் குடிப்பவர் என்றால், வெனிலின் போட்ட சிரப்பே போதும். வறுத்த காபியின் வாசனைக்கு அடியில் அந்த நுணுக்கமெல்லாம் காணாமல் போய்விடும். அதற்குப் போய் இரட்டிப்பு விலை கொடுப்பது வீண். வெறும் பாலில், சோடாவில், அடித்த கிரீமில் ஊற்றுவதாக இருந்தால் எக்ஸ்ட்ராக்ட் உள்ளதை எடுங்கள். அங்கே மறைக்க வேறு வாசனை இல்லை, வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

"பிரெஞ்சு வெனிலா" என்பது ஊரையோ செடியின் ரகத்தையோ குறிப்பதில்லை. முட்டை மஞ்சள் கரு சேர்த்த கஸ்டர்ட் போல, கொஞ்சம் வெண்ணெய்த்தனமாக அமைத்த சுவை, அவ்வளவுதான். "வெனிலா பீன்" பாட்டிலில் மிதக்கும் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து மயங்காதீர்கள். சாறு எடுத்து முடித்த நெற்றின் விதைகளைக்கூடப் போடலாம்; அவற்றில் வாசனை பெரிதாக மிச்சம் இருக்காது. பழுப்பு நிறமும் சாட்சி ஆகாது, கேரமல் நிறம் சேர்ப்பது உண்டு. எதை எடுத்தாலும் முதல் தடவை சின்ன பாட்டில்.

காபிக் கடையில் குடிக்கும் வெனிலா காபி மணக்கிறது. அதே கம்பெனி சிரப்பை வாங்கி வீட்டில் ஊற்றினால் திகட்டுகிறதே தவிர மணக்கவில்லை. என்ன செய்கிறேன் நான்?
- இரவுப் பணி பார்க்கும் வாசகர்

ஒரு சோதனை செய்யுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு சிரப்பை நாக்கில் வையுங்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீர். மூக்கை விடுங்கள், அப்போது வரும் வெனிலா. நாக்குக்கு வெனிலா தெரியாது சார், அது முழுக்க மூக்கின் சமாச்சாரம்.

சிரப் பாட்டிலில் இனிப்பையும் வாசனையையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது வாசனை. அது போதவில்லை என்று இன்னொரு கரண்டி விடுகிறீர்கள், கூடவே சர்க்கரையும் வந்து இறங்குகிறது. எனக்கு வரும் சிரப் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். கட்டை அவிழ்த்துவிடுங்கள்: சிரப்பைக் குறைத்து, அதோடு நான்கைந்து சொட்டு வெனிலா எக்ஸ்ட்ராக்டைத் தனியாக விடுங்கள். வாசனை கூடினால் அதே சர்க்கரை இன்னும் இனிப்பாகத் தோன்றும் என்பது கூடுதல் லாபம்.

கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, கெட்டியான சிரப்பில் சுமார் 12 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். 25 கிராமுக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. இரவுப் பணியில் இரண்டு கப், கப்புக்கு இரண்டு கரண்டி என்று போட்டால் காபியிலேயே அன்றைய கணக்கு முடிந்தது. 200 மில்லி கப்புக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி, என்று ஆரம்பியுங்கள். பம்ப் வைத்திருந்தால் ஒரு அமுக்கலை அளவுக் கரண்டியில் பிடித்துப் பாருங்கள். பம்ப்புக்குப் பம்ப் அளவு மாறும். 8 மில்லி தருவதும் உண்டு, 15 மில்லி தருவதும் உண்டு.

இன்னொன்று, உங்கள் காபி நீர்த்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். கடையில் எஸ்பிரெஸ்ஸோ போடுவார்கள். அந்தக் கசப்பு சிரப்பைத் தாங்கும். நீர்த்த காபியில் அதே அளவு சிரப் விட்டால் திகட்டாமல் என்ன செய்யும்? காபியைக் கடுமையாக்குங்கள். ஒரு சிட்டிகைக்கும் குறைவாக உப்பு போட்டுப் பாருங்கள், திகட்டல் அடங்கும். ஐஸ் போட்ட காபி என்றால், முதலில் சிரப்பைக் காபியில் கலக்கிவிட்டு அப்புறம் ஐஸ். குளிர்ச்சியில் இனிப்பும் வாசனையும் இரண்டுமே மங்கித் தெரியும், அதனால் அங்கே மட்டும் அரை தேக்கரண்டி கூட விட அனுமதி.

சிரப் விட்டதும் பால் திரிந்துபோகிறது. சிரப் கெட்டுவிட்டதா?
- ஒரு மாணவி

பெரும்பாலும் இல்லை. சில சிரப்புகளில் சிட்ரிக் அமிலம் இருக்கும், காபியும் அமிலம்தான். பாலும் கொஞ்சம் பழசாகி தானே புளிக்கத் தொடங்கியிருந்தால், சூடு பட்டதும் மூன்றும் சேர்ந்து திரித்துவிடும். புதுப் பாலாக எடுங்கள். சிரப்பை முதலில் காபியில் கலந்து, பாலை வெதுவெதுப்பாக்கிக் கடைசியில் மெல்ல ஊற்றுங்கள். சோயா பால் இதில் இன்னும் கோபக்காரப் பால், கொதிக்கிற காபியில் நேராக ஊற்றக்கூடாது. அப்படியும் திரிந்தால் லேபிளைப் பார்த்து அமிலம் இல்லாத சிரப்புக்கு மாறுங்கள்.

வீட்டிலேயே செய்ய முடியுமா? ஒரு தடவை செய்தேன், ஒரு வாரத்தில் அடியில் கற்கண்டு மாதிரி கட்டிவிட்டது. என் அக்கா செய்ததில் பூஞ்சை வந்துவிட்டது.
- அக்காவோடு போட்டி போடும் தங்கை

முடியும் அம்மா, நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். வாசனைக்கும் இனிப்புக்கும் தனித்தனியாக அளவு வைக்கிற உரிமை அப்போதுதான் உங்கள் கையில் இருக்கும்.

நீங்களும் அக்காவும் எதிரெதிர் திசையில் போயிருக்கிறீர்கள். உங்களுடையதில் சர்க்கரை கூடிவிட்டது. ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை போட்டிருப்பீர்கள். அறையின் சூட்டில் தண்ணீர் தாங்கக்கூடிய எல்லைக்கு வெகு அருகில் இருக்கிறது அந்த அளவு. ஃபிரிட்ஜில் வைத்ததும் எல்லை இறங்கும், மீதிச் சர்க்கரை படிகமாக அடியில் உட்காரும். அக்கா சரிபாதி போட்டிருப்பார். அது 50 சதவீதம்தான். கிருமிகளைத் தடுத்து நிறுத்த அந்தச் சர்க்கரை போதாது. ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியே வைத்தால் பூஞ்சை குடியேறிவிடும்.

நடுவில் ஓர் அளவு இருக்கிறது. 300 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர். 60 சதவீதம் வரும். ஃபிரிட்ஜிலும் கட்டாது. அடுப்பில் வைத்து, சர்க்கரை கரைந்து ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போய் மறுபடி கற்கண்டுதான் கிடைக்கும். நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சர்க்கரையில் கொஞ்சம் உடைந்து படிகம் கட்டுவதைத் தடுக்கும். அதற்கு மேல் வேண்டாம். மேலே மாணவிக்குச் சொன்ன பால் விவகாரம் ஞாபகம் இருக்கட்டும்.

வாசனைக்கு இரண்டு வழி. எக்ஸ்ட்ராக்ட் என்றால், பாகை இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு மேசைக்கரண்டி. கொதிக்கும்போது விட்டால் வீடு மணக்கும், பாட்டில் மணக்காது. நெற்று என்றால் ஒன்று போதும். நீளவாக்கில் கீறி, கத்தியின் முதுகால் விதையை வழித்து, தோலையும் சேர்த்து சூடான பாகில் போட்டு மூடிவிடுங்கள். இரவு முழுக்க ஊறட்டும், காலையில் வடிகட்டுங்கள். ஊறிய தோலைத் தூக்கிப் போட்டீர்கள் என்றால் எனக்குக் கோபம் வரும். கழுவி, நன்றாகக் காயவைத்து, சர்க்கரை டப்பாவுக்குள் செருகுங்கள். அந்தச் சர்க்கரை சில வாரங்களில் தானாக மணக்கும்.

நெற்று ஏன் அந்த விலை என்று கேட்பீர்கள். அது ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். பூர்வீகம் மெக்சிகோ பக்கம். மற்ற நாடுகளில் நட்டபோது கொடி வளர்ந்தது, பூ பூத்தது, காய் மட்டும் பிடிக்கவில்லை. 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சின்னக் குச்சியும் கட்டைவிரலும் வைத்துப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் மடகாஸ்கர் தோட்டங்களில் ஒவ்வொரு பூவுக்கும் கையால்தான். பூ திறந்திருப்பதோ ஒரே நாள். காய் முற்றப் பல மாதம்; பறித்த பச்சைக் காயில் வாசனையே இருக்காது. வெந்நீரில் முக்கி, வியர்க்கவைத்து, வெயிலில் காட்டி, மறுபடி மூடி என்று மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் உள்ளே கட்டுண்டு கிடக்கும் வெனிலின் வெளியே வரும். ஒரு நெற்றைத் தூக்கிப் போடும் முன் அந்தக் கைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலை வெந்நீரில் கொதிக்கவைத்து, ஈரம் துளிகூட இல்லாமல் காயவைத்து நிரப்புங்கள். ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பூஞ்சை வந்தால் மேலாக எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் சிக்கனமெல்லாம் வேண்டாம், அப்படியே கொட்டுங்கள். அக்காவிடமும் சொல்லுங்கள்.

நெற்றின் மேல் வெள்ளையாக என்னவோ பூத்திருக்கிறது. பூஞ்சையா?
- வாசகர்

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி ஊசியாக, மினுமினுவென்று இருந்து, வாசனையும் தூக்கலாக இருந்தால் அது வெனிலின் படிகம், உங்களுக்கு யோகம். பஞ்சு மாதிரி, மினுக்கம் இல்லாமல், புழுக்க வாடை அடித்தால் பூஞ்சை. தூக்கிப் போடுங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை இல்லாத வெனிலா சிரப்பை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாமா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர்

"எவ்வளவு வேண்டுமானாலும்" என்று எதையும் சொல்ல மாட்டேன் ஐயா. இந்த சிரப்புகளில் பெரும்பாலும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு இருக்கும். சர்க்கரையைவிட சுமார் 600 மடங்கு இனிப்பு, அதனால் துளி போதும். சர்க்கரை கொடுக்கும் கெட்டித்தன்மை இல்லாததால் அதற்கு ஒரு பசைப்பொருள் சேர்ப்பார்கள். கெடாமல் காக்கவும் சர்க்கரை இல்லை, ஆகவே பொட்டாசியம் சோர்பேட், சோடியம் பென்சோயேட் மாதிரி ஒன்று இருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது சிரப்பைவிடப் பாலை. 200 மில்லி பாலில் இயல்பாகவே சுமார் 10 கிராம் சர்க்கரை, லாக்டோஸாக, இருக்கிறது. சர்க்கரை இல்லாத சிரப் விட்ட பெரிய கப் பால் காபி, சர்க்கரை இல்லாத காபி ஆகாது. உங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எனக்கென்னவோ, வெனிலா எக்ஸ்ட்ராக்ட் சில சொட்டு மட்டும் விட்டு, இனிப்பே இல்லாமல் ஒரு வாரம் குடித்துப் பாருங்களேன் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சிலருக்கு அதுவே போதுமாகிவிடுகிறது.

வீட்டில் நாய் இருந்தால் ஓர் எச்சரிக்கை: லேபிளில் சைலிட்டால் (இதுவும் சர்க்கரைக்கு மாற்றான ஓர் இனிப்பு) என்று இருந்தால் அந்த பாட்டிலை அதன் வாய் எட்டாத இடத்தில் வையுங்கள். நாய்க்கு அது விஷம்.

கேக்கில் எசென்ஸுக்குப் பதிலாக சிரப் ஊற்றலாமா?
- புதிதாக ஓவன் வாங்கியவர்

மாவுக்குள் வேண்டாம். ஒரு தேக்கரண்டி எசென்ஸ் தரும் வாசனைக்கு இணையாக சிரப் ஊற்றுவதென்றால் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். மாவு நீர்க்கும், சர்க்கரைக் கணக்கு கெடும், மேல்புறம் சீக்கிரம் கறுக்கும். அதே சிரப்பை, வெந்து வெளியே வந்த கேக்கின் மேல், குச்சியால் குத்திவிட்டு பிரஷ்ஷால் தடவுங்கள். கேக் காயாமல் இருக்கும், வாசனையும் ஓவன் சூட்டில் போகாமல் தங்கும். கடையில் கேக் மிருதுவாக இருப்பதன் ரகசியம் பல இடங்களில் இதுதான்.

எக்ஸ்ட்ராக்டில் ஆல்கஹால் உண்டாமே? எங்கள் வீட்டில் அறவே கூடாது.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

உண்டு. அமெரிக்க விதிப்படி எக்ஸ்ட்ராக்ட் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன அளவில் செய்த சிரப்பில், ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 0.2 மில்லி வரும். சூட்டில் கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது. அறவே கூடாது என்றால் நெற்றை நேராகப் பாகில் ஊறவையுங்கள், அல்லது கிளிசரினில் எடுத்த வெனிலா சாறு வாங்குங்கள். கடை சிரப்பிலும் லேபிளைப் பார்த்தே வாங்குங்கள்.

வெனிலா வாசனையை நீர்நாயின் பின்பக்கத்திலிருந்து எடுக்கிறார்களாமே! சாப்பாட்டு மேஜையில் இதைச் சொல்லி என் தம்பி எல்லோரையும் ஓடவிட்டான்.
- பாதிக்கப்பட்ட அண்ணன்

தம்பி சொன்னது பீவர் என்ற பிராணி. அதன் வாலடிச் சுரப்பியிலிருந்து காஸ்டோரியம் என்ற பொருள் கிடைப்பது உண்மை, அதை வாசனைக்குப் பயன்படுத்தியதும் உண்மை. ஆனால் அதை எடுப்பது அவ்வளவு சிரமம், அவ்வளவு செலவு. வெனிலின் அதைவிட எத்தனையோ மடங்கு மலிவாகக் கிடைக்கும்போது யார் பீவரைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்? பயப்படாமல் சாப்பிடுங்கள்.

ஆசையாகப் பெரிய பாட்டில் வாங்கிவிட்டோம். காபி குடிப்பதை நிறுத்திவிட்டோம். முக்கால் பாட்டில் மிச்சம். எறும்பு வேறு.
- கணவனும் மனைவியும்

எறும்பு பாட்டிலுக்கு வரவில்லை, மூடியோரம் வழிந்து காய்ந்ததற்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் வாயை வெந்நீர்த் துணியால் துடைத்து மூடுங்கள். பம்ப் இருந்தால் வாரம் ஒரு முறை கழற்றி வெந்நீரை உள்ளே ஓடவிட்டு, காயவைத்து மாட்டுங்கள்; குழாய்க்குள் காய்வதுதான் அடைப்பதும் கெடுவதும். சர்க்கரை உள்ள கடை சிரப்புக்கு ஃபிரிட்ஜ் பொதுவாகத் தேவையில்லை, வெயில் படாத அலமாரி போதும். திறந்த பிறகு எத்தனை நாள் என்பதை லேபிள் சொல்லும், அதைக் கேளுங்கள். கலங்கியிருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தீர்க்க வழி சொல்கிறேன். இந்த சிரப்புகள் காபிக்காகப் பிறந்தவையே அல்ல. டொரானி நிறுவனம் 1925-இல் சான் பிரான்சிஸ்கோவில் சிரப் செய்யத் தொடங்கியது சோடாவில் கலக்கத்தான். உயரமான டம்ளரில் ஐஸ், அதன் மேல் இரண்டு தேக்கரண்டி வெனிலா சிரப், அரை எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த சோடா, லேசாக ஒரு கிளறல். எலுமிச்சையின் புளிப்பு இனிப்பைப் பிடித்து நிறுத்தும், வெனிலா மேலே வரும். விருந்தாளிகளுக்குக் கொடுத்துப் பாருங்கள், பாட்டில் மாதக் கடைசி வரை தாங்காது.